எஞ்சின் விளக்கு எரிந்தால்: கண்ணை நம்பவா, பிளிங்க் கோடையா, ஸ்கேனரையா?

வீட்டிலேயே பைக்கின் ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. பிளக்கும் மாற்றி, டேங்கைத் திரும்ப வைத்துப் பூட்டியாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையாமல் நிற்கிறது. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தால் அது பல்ப் சோதனைதான், பழுது இல்லை. ஓடும்போதும் எரிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பலர் உடனே செய்வது பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது. அதை நான் கடைசி வழியாகக்கூடச் சொல்ல மாட்டேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, பழுது வந்தால் ஒரு குறியீட்டு எண்ணைப் பதிந்து வைக்கும், அதுதான் கோடு (code). பல ஈசியூக்களில் கரண்ட் போனாலும் அது அழியாது. அழியும் வண்டியிலோ கையில் இருந்த ஒரே துப்பும் போய்விடும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். சில வண்டிகளில் ஐடிலிங்குக்காக ஈசியூ கற்று வைத்திருந்ததும் சேர்ந்து அழிந்து, எஞ்சின் தடுமாறும். அப்போது பழைய பழுது எது, புதிதாக வந்தது எது என்றே தெரியாது.

முதலில் செய்ய வேண்டியது, கை போன பாதையைத் திரும்பிப் பார்ப்பது. காலையில் எரியாத விளக்கு மாலையில் எரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் நடுவில் தொட்ட இடத்தில்தான் இருக்கும். ஏர்பாக்ஸில் காற்று வெப்பநிலை சென்சாரின் கனெக்டர், த்ராட்டில் பாடியிலிருந்து, காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய், சைலன்சரைக் கழற்றியிருந்தால் ஆக்சிஜன் சென்சார் ஒயர், டேங்குக்கு அடியில் நசுங்கிய குழாய் என்று வரிசையாகப் பார்க்கலாம். வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றியிருந்தால், அதைத் திசை மாற்றி மாட்டினாலும் வம்புதான். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. ஒரே குறை, கண் ஏமாற்றும்.

என் கண் ஏமாற்றியது. ஃபில்டர் மாற்றிய பிறகு எல்லா கனெக்டரையும் பார்த்தேன், எல்லாம் மாட்டியபடியே இருந்தன. விளக்கு அணையவில்லை. ஈசியூவில் பதிந்த கோடைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டினால் பி0113, அதாவது காற்று வெப்பநிலை சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம். நேரடி அளவுகளைத் திறந்தால் உள்ளே போகும் காற்று மைனஸ் 40 டிகிரி என்றது! அந்தச் சென்சார் குளிரக் குளிர மின்தடை ஏறும் வகை. ஒயர் அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை, ஆகவே ஈசியூவுக்கு அது கடுங்குளிராகத் தெரிகிறது. கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பின்களில் ஒன்று உறைக்குள் இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. அவசரத்தில் கோணலாக அழுத்தியதில் நான்தான் அதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். ஒயர் பக்கமிருந்து மெல்லத் தள்ளினேன், ‘டிக்’ என்று உட்கார்ந்தது.

பிளிங்க் கோடுக்கும் ஸ்கேனருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் டயக்னாஸ்டிக் கனெக்டரின் குறிப்பிட்ட இரண்டு ஒயரை இணைத்துச் சாவி போட்டால் விளக்கே கண் சிமிட்டிக் கோடு சொல்லும். நீளமான சிமிட்டல் பத்து, குட்டையானது ஒன்று. இரண்டு நீளம், ஒரு குட்டை வந்தால் 21, ஆக்சிஜன் சென்சார். என் பழுதுக்கு அதில் 9 என்று வரும். காற்று வெப்பநிலை சர்க்யூட் என்று தெரியும், ஆனால் ஒயர் விட்டுப்போயிற்றா, எங்காவது பாடியில் ஒட்டி ஷார்ட் ஆகிறதா என்று தெரியாது. ஸ்கேனரில் பி0113 என்றால் விட்டுப்போனது, பி0112 என்றால் ஷார்ட் பக்கம். அந்த ஒரு இலக்கம் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

இருந்தாலும் பழைய வண்டிக்குப் பிளிங்க் கோடுதான் கைகொடுக்கும். அவற்றின் ஈசியூ பேசும் மொழி மலிவான புளூடூத் ஸ்கேனருக்குப் புரியாது. யூரோ 5 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பொதுவான 6 பின் கனெக்டர் இருக்கும், அதற்கு ஒரு அடாப்டர் ஒயர் போதும். பிளிங்க் கோடு எடுப்பவர்கள் சர்வீஸ் மேனுவலில் ஒயர் நிறத்தைப் பார்க்காமல் எதையும் இணைக்கக் கூடாது. அதே கனெக்டரில் பேட்டரி கரண்ட்டும் வரும்.

எந்த வழியில் எடுத்தாலும் கோடு சர்க்யூட்டைத்தான் காட்டும், கெட்ட பாகத்தை அல்ல. சைலன்சர் மாற்றிய பிறகு ஆக்சிஜன் சென்சார் கோடு வந்தால் புதுச் சென்சார் வாங்க ஓட வேண்டாம். கேஸ்கெட் சரியாக உட்காராமல் வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்றுதான் சொல்லும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் இணைப்பில் ‘டப் டப்’ சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் பேட்டரியையும் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. வேலை நடக்கையில் சாவியை ஆனிலேயே விட்டு பேட்டரி இறங்கினால், அதற்கும் கோடு வரலாம்.

என் வரிசை இதுதான்: கை போன பாதை, பிறகு ஸ்கேனர், ஸ்கேனர் பேசாத வண்டிக்குப் பிளிங்க் கோடு. கேபிள் இல்லாத மின்னணு த்ராட்டிலில் கோடு வந்தால் மட்டும் நேரே சர்வீஸ் சென்டர், ஏனென்றால் அதைத் திரும்ப அளவுபடுத்தப் பல வண்டிகளுக்குக் கம்பெனிக் கருவி வேண்டும். போகும்போது கோடை அழிக்காமல், என்னென்ன கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மெக்கானிக் அந்தத் தாளிலிருந்தே தேடத் தொடங்குவார்.