காதர்பேட்டை சர்ப்ளஸ் கடை: துணி முதல்தரம், ரிட்டர்ன் கிடையாது

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்பூர் காதர்பேட்டையில் வீட்டில் எல்லோருக்கும் டி-சர்ட் எடுத்தேன். ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகளை விற்கும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். துணியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது தோள்பட்டைத் தையல், அப்புறம் கழுத்துப் பட்டியான ரிப், கலரெல்லாம் கடைசியில்தான்.

இந்த மாதிரிக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது செகண்ட்ஸ். ஊசி ஓட்டை இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், கை ஒரு ஷேடு உடம்பு ஒரு ஷேடு என்று இருக்கும். இந்த முறை புரட்டிப் புரட்டிப் பார்த்தும் குறை சிக்கவில்லை. நல்ல கனமான பருத்தி, என்சைம் போட்டு அலசி மழமழப்பாக்கும் பயோவாஷ் செய்தது. கழுத்து லேபிளை மட்டும் வெட்டியிருந்தார்கள். விலை 150 ரூபாய், மூன்று எடுத்தால் 400.

“ஏனுங்கண்ணா, இது செகண்ட்ஸ் மாதிரியே தெரியலயே?” என்றேன்.

“அமெரிக்கா போக வேண்டிய சரக்குங்க. வரி போட்டதும் பையர் வேண்டாம்னுட்டான்” என்றார் கடைக்காரர்.

ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டார் டிரம்ப். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று 27ஆம் தேதி இன்னொரு 25. பருத்தி டி-சர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு, இதெல்லாம் அதற்கு மேல். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான். பீஸுக்கு ரூபாய்க் கணக்கில் லாபம் பார்க்கிற கம்பெனி இதில் எங்கே நிற்கும்? எண்ணெய் வாங்கியது யாரோ, சரக்குத் தேங்கியது இங்கே.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் தள்ளுபடி செய்தது. அது இனி தைக்கப்போகும் துணிக்கு உதவும், தைத்து அட்டைப்பெட்டியில் கிடப்பதற்கு என்ன பிரயோசனம்? செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான உடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றார்கள். 150 ரூபாய்ச் சட்டைக்கு முன்பும் அதே 5தான். ஆகவே இந்த மலிவு விலைக்கு எந்த அரசுக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா அயர்னிங்குக்குப் போகிறார். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனியில் அப்போது ஒரு ஷிப்ட்தான், சனிக்கிழமைச் சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டிருந்தது. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, சொன்ன விலைக்கே எடுத்தேன்.

சரி, குறைகள். அளவு அமெரிக்கர்களுக்கானது. நீங்கள் எக்ஸ்எல் போடுகிறவர் என்றால் எல் எடுங்கள். போட்டுப் பார்க்க இடம் இல்லை, மாற்றித் தரவும் மாட்டார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு வரும். கருநீலம் முதல் அலசலில் சாயம் விட்டது, தனியாக ஊற வையுங்கள். மற்றபடி கழுத்து தளரவில்லை, தையலும் முறுக்கவில்லை.

குழந்தைகளுக்கு கிறிஸ்துமஸ் மான் படம் போட்ட நைட் சூட் குவிந்து கிடந்தது. தீபாவளிக்கு அதைப் போட மாட்டேன் என்று என் மகன் அடம்பிடித்தான். இப்போது தினமும் அதில்தான் தூங்குகிறான். போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். பண்டல் பிரிக்கிற நேரத்தில்தான் எல்லா அளவும் இருக்கும்.