22 இஞ்ச் கறுப்பு சைக்கிள்: வேலைக்குப் போக, உடம்புக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு

சமதரையான ஊரில் இருந்துகொண்டு தினமும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் வேலைக்குப் போய் வர சைக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிறீர்களா? பார் வைத்த, கம்பி பிரேக் போட்ட, கியர் இல்லாத அந்தக் கறுப்பு சைக்கிளையே வாங்குங்கள். பால்காரரும் தபால்காரரும் காலம் காலமாக ஓட்டிய அதே வண்டிதான். தலைப்பில் சொன்ன 22 இஞ்ச் என்பது சட்டத்தின் அளவு, சக்கரத்தின் அளவு இல்லை. நான் தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் சாலைப் பக்கத்திலிருந்து கீழவாசல் வரை அதில்தான் போய் வருகிறேன், ஒரு வழி ஆறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த வகையில் எந்தக் கம்பெனி வண்டியை எடுத்தாலும் அளவும் அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எவ்வளவு பெரிய வசதி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கடை. உள்ளே போனதும் கண்ணில் படுவது தடித்த டயர், முன்னால் ஷாக்அப்சார்பர், 21 கியர் என்று பளபளப்பாக நிற்கும் வண்டிகள். கறுப்பு சைக்கிள் பின்னால் எங்கேயோ ஹேண்டில் பாரைத் திருப்பி வைத்து நிற்கும், கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். "இதெல்லாம் இப்போ யாரு சார் ஓட்டுறா, கியர் வண்டி எடுங்க" என்று என்னிடமும் சொன்னார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கியர் வண்டிகளில் பலவற்றுக்கு மட்கார்டு, கேரியர், செயின் கவர் எதுவும் இருக்காது, தனித்தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டும். குறைந்த விலையில் வரும் ஷாக்அப்சார்பர் எடையைக் கூட்டும், நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கையும் அதுவே விழுங்கிவிடும். காட்டுப் பாதைக்கான தடித்த பட்டன் டயர் தார்ச்சாலையில் இழுக்கும். எனக்குக் கறுப்பு சைக்கிள் கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த வண்டியில் முதலில் மனதுக்குப் பிடித்தது உட்காரும் விதம். முதுகு நிமிர்ந்து இருக்கும், கைகள் தளர்ந்து தானாக ஹேண்டில் பாரில் போய் அமரும், கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி முன்னால் பார்க்க வேண்டிய பாடு இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் இது உயிர் காக்கிற விஷயம், ஏனென்றால் முன்னால் நிற்கும் காரின் கூரைக்கு மேலே பார்வை போகும், எவர் கதவைத் திறக்கிறார், எங்கே மாடு குறுக்கே வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு சுருள் ஸ்பிரிங் குண்டும் குழியுமான ரோட்டில் முதுகுக்கு வரும் அடியைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும். அந்த அகலமான சீட்டை நிமிர்ந்து உட்காருபவருக்காகவே செய்திருக்கிறார்கள்.

சீட் உயரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டை அடியோடு இறக்கிவிட்டு முழங்காலை மடக்கி மடக்கி ஓட்டுகிறார்கள், அப்புறம் சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஒரு ஸ்பேனர் வேலை, ஐந்து நிமிடம் ஆகாது.

சக்கரம் 28 இஞ்ச், டயர் ஒன்றரை இஞ்ச். சக்கரம் பெரிதாக இருப்பதால் சின்னப் பள்ளங்களில் இறங்கி ஏறாமல் மேலேயே உருண்டு போய்விடும். காற்று மட்டும் நிறைவாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயரில் மிதித்துவிட்டு வண்டி கனமாக இருக்கிறது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை அடித்தால் போதும். வால்வுக்குள் இருக்கும் அந்த மெல்லிய ரப்பர் வால்டியூப் நாளாக ஆக இற்றுப் போகும், காற்று இறங்குகிறது, ஆனால் பஞ்சர் இல்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அரை அடி வாங்கிப் பையில் போட்டு வைத்தால் பல மாதத்துக்கு வரும்.

வேகம் போதுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. என் வண்டியை வாங்கும்போது முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருந்தது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு ஒரு சுற்று மிதித்தாலே மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம். சிக்னல், நெரிசல் எல்லாம் போக எனக்கு வீட்டிலிருந்து கீழவாசல் போக 25 நிமிடம் ஆகிறது. காலை நேரத்தில் பைக்கில் போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால்.

மேம்பாலத்தில்தான் இந்த வண்டி தன் எடையைக் காட்டும். 20 கிலோவுக்குப் பக்கம் இருக்கும் இரும்பு அது. எதிர்க்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ரயில் பாதை மேம்பாலத்தை உட்கார்ந்தபடியே ஏறுவது சிரமம், எழுந்து நின்று மிதிக்க வேண்டும். இதற்கு மலிவான மருந்து உண்டு. ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும், சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஏற்றத்தில் முழங்காலுக்கு நல்ல நிம்மதி. பெரும்பாலும் செயினை நீட்டக்கூட வேண்டாம், பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முடுக்கினால் சரியாகிவிடும். நான் மாற்றிக்கொண்டேன், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை வாங்கும்போதே செய்யச் சொல்வேன். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ இருப்பவர்கள் இந்த வண்டியை நினைக்கவே வேண்டாம், அங்கே கியர் கட்டாயம்.

இப்போது குறை. பிரேக். இதை மறைத்துப் பேசினால் படிப்பவர்களுக்குத் துரோகம். பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுபட்டு, பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுந்தும், அதுதான் கம்பி பிரேக். காய்ந்த ரோட்டில் தாராளமாக நிற்கும். மழையில் நிற்காது. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் வழுக்கும், பிடித்த பிறகு சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றி, தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடிமானமே கிடைக்கும். ஒயர் பிரேக் போட்ட மாடலும் வருகிறது, ஆனால் ரிம் அதே இரும்பு என்றால் மழையில் அதுவும் இப்படித்தான். ஐப்பசி அடைமழையில் நான் செய்வது இது: சந்திப்பு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்வேன், முன், பின் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பேன், வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிற வரைக்கும் ஓட்டாதீர்கள், அதன் விலை ஒரு காபிக்கு மேல் போகாது. ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன், கட்டை ரிம்மின் பக்கவாட்டைத் தொடாது என்பதால் சக்கரத்தில் லேசாகக் கோட்டம் இருந்தாலும் உரசாது, கோட்டம் எடுக்கிற வரைக்கும் வண்டி ஓடும்.

முழு செயின் கவர் இருக்கிறதே, அதற்காகவே இந்த வண்டியைக் கொண்டாடலாம். வேட்டி, பேண்ட் எதுவும் செயினில் மாட்டாது, கறை படாது. மழைச் சேறும் மண்ணும் செயினை எட்டாததால் அது வருடக்கணக்கில் உழைக்கும், அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

சுமைக்கு வருவோம். பின் கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையை ரப்பர் ட்யூபால் கட்டிக்கொண்டு வந்தால் வண்டி அசைவதே இல்லை. நீளமான சட்டம், ரெட்டை ஸ்டாண்டு, அதனால் நிறுத்தி ஏற்றவும் எளிது. பார் இருப்பதால் பெண்கள் ஓட்ட முடியாது என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பார் வைத்த வண்டியிலேயே ஓட்டினார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. உயரம்தான் பார்க்க வேண்டும், ஆணோ பெண்ணோ. பாருக்கு மேலே இரு பக்கமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். 22 இஞ்ச் பலருக்குச் சரியாக இருக்கும், நல்ல உயரமானவர்கள் 24 இஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

உடற்பயிற்சிக்கு இது போதுமா என்றால், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்குப் போக 25, வர 25. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனால் 250 நிமிடம் அதிலேயே வந்துவிடுகிறது, அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, ஜிம்முக்கு மாதச் சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகம் போதும். வியர்க்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருந்தால் தீர்ந்தது.

வேலைக்கு மட்டும் ஓட்டினால் இந்த வண்டியின் அருமை பாதிதான் தெரியும். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன் திருவையாறு வரை போய் வாருங்கள், ஒரு வழி சுமார் 12 கிலோமீட்டர். கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு சின்ன ஏற்றம், ஏறியதும் மிதிக்காமல் இறங்கும் சுகம். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஆறு முழுதாகத் தெரியும். வழக்கம்போல் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேர்ந்த பிறகு அந்தச் சாலையில் போவது தனி சந்தோஷம், இரண்டு பக்கமும் குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும், சேற்று வாசனை முகத்தில் அடிக்கும். அவசரப்படாத வண்டியில் போனால்தான் இதெல்லாம் நமக்குக் கிடைக்கும். திருவையாற்றில் சூடாக அசோகா அல்வா வாங்கி இலையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

எல்லாக் கம்பெனி வண்டியும் ஒரே அளவில் இருப்பது எவ்வளவு வசதி என்று சொல்கிறேன் என்றேனே, அது பழுது பார்க்கும்போதுதான் தெரியும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல், சோனிப்பட்டில் அட்லஸ் 1951-ல், லூதியானாவில் ஹீரோ 1956-ல் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தபோது இந்த வகை வண்டியின் அளவுகள் நாடு முழுக்க ஒரே மாதிரி அமைந்துவிட்டன. அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தில், மூடப்பட்டது. ஆனாலும் அந்தக் கம்பெனி வண்டி வைத்திருப்பவர் உதிரிபாகம் கிடைக்காமல் திண்டாட வேண்டியதில்லை, வேறு கம்பெனி டயரும் ட்யூபும், பெடல் தண்டை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னும், அச்சில் உருளும் பால்ரஸ் குண்டுகளும் அப்படியே பொருந்தும். மரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவரிடம்கூட இதற்கு எல்லாம் இருக்கும். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயரை ஒரு பக்கம் நெம்பி ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீர்த் தட்டில் அமுக்கிக் குமிழி பார்த்து, அரத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்து, ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்துக் கழுவி, புது கிரீஸ் வைத்தால் வண்டி சத்தமே இல்லாமல் ஓடும். இந்தக் கடைகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, உங்கள் தெருவில் ஒன்று இருந்தால் வேலையை அங்கேயே கொடுங்கள்.

விளக்கு வண்டியோடு வருவதில்லை. பழைய டைனமோவைத் தேட வேண்டாம், சார்ஜ் ஏற்றும் எல்இடி விளக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று இரண்டு வாங்கி மாட்டுங்கள், பின் மட்கார்டில் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, நான் போட்டுக்கொள்கிறேன். பின் சக்கரத்தில் வரும் வளையப் பூட்டு டீ குடிக்க நிறுத்துகிற நேரத்துக்குத்தான் ஆகும், நாள் முழுக்க நிறுத்துவதானால் சங்கிலிப் பூட்டுப் போட்டுக் கம்பத்தோடு கட்டுங்கள்.

வாங்கும்போது கடையில் பாகங்களைப் பூட்டித் தரும் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஹேண்டில் பாரை முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு திருகிப் பாருங்கள், பெடல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் ஓட்டியதும் திரும்பக் கொண்டுபோய் காட்டர் பின்னையும் சக்கரக் கம்பிகளையும் ஒருமுறை முடுக்கச் சொல்லுங்கள், புது வண்டியில் இவை இரண்டும் கொஞ்சம் தளரும். தளர்ந்த பின்னோடு தொடர்ந்து மிதித்தால் கிராங்கின், அதாவது பெடல் தண்டின், துளையே தேய்ந்து கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.