சென்னையிலிருந்து மதுரைக்குச் சக்கர நாற்காலியோடு: விமானமா, ரயிலா, காரா?

அம்மா வீடு மதுரையில், நாங்கள் இருப்பது சென்னையில். எனக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு மூன்று தடவையாவது போய்வருகிறோம்: நான், அவர், பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன். கட்டணத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் முதலில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நான் எண்ணுவது ஒன்றைத்தான்: நம் வீட்டு வாசலிலிருந்து அம்மா வீட்டு வாசல் போய்ச் சேர்வதற்குள் என்னை எத்தனை தடவை அடுத்தவர்கள் தூக்க வேண்டியிருக்கிறது?

பஸ்ஸை விட்டுவிடலாம். தொலைதூரப் பஸ்களில் படியும் செங்குத்து, வாசலும் குறுகல்.

விமானம் வானத்தில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் தூக்கல் அதிகம். என் நாற்காலியிலிருந்து விமான நிலைய நாற்காலிக்கு, அதிலிருந்து விமானத்துக்குள் போகும் ஒல்லி நாற்காலிக்கு, அதிலிருந்து சீட்டுக்கு. இறங்கும்போது இதே மூன்றும் திரும்ப. மொத்தம் ஆறு. சொந்த நாற்காலியைப் பயன்படுத்த விமானப் போக்குவரத்து விதிகளில் இடம் இருக்கிறது. கவுன்டரில் விடாமல் கேட்டு, விமானக் கதவு வரை அதிலேயே போனால் ஆறு நான்காகும். 48 மணி நேரத்துக்கு முன்பே உதவி தேவை என்று பதிவு செய்துவிடுங்கள். பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரி எத்தனை வாட்-அவர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் வகை லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வரைக்கும், இரண்டு என்றால் தலா 160 வரைக்கும் கையோடு கொண்டுபோகலாம்.

என் மனசு விமானத்தில் ஒட்டாததற்குக் காரணம் வேறு. ஒருமுறை கால்தாங்கி உடைந்து திரும்பி வந்தது. இன்னொரு முறை, நான் எதிரிலேயே இருக்க, ஊழியர் என் தலைக்கு மேலாக அவரிடம் கேட்டார்: "மேடம் நடப்பாங்களா சார்?" அன்றிலிருந்து கவுன்டரில் நான்தான் முதலில் பேசுகிறேன். அவசரம் என்றால் மட்டும் விமானம்.

ரயிலை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். பாண்டியன் மாதிரி இரவு வண்டிகளில் கட்டணம் ரொம்பக் குறைவு. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் சலுகை, இரண்டாம் ஏசியிலும் முதல் ஏசியிலும் 50. உடன் வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. ரயில்வே அடையாள அட்டையை ஒருமுறை வாங்கிவிட்டால் ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டே போவதால், ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் தோலில் வரும் அழுத்தப் புண் பயமும் குறைவு. ஆனால் பிளாட்பாரத்துக்கும் பெட்டித் தளத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை அடி உயரம். ஏறிய பிறகு நடைபாதையில் நாற்காலி நுழையாது. கழிப்பறை எட்டாக்கனி. எழும்பூரில் ஒரு போர்ட்டர் தம்பி, "அக்கா, கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினார். சொல்லிவிட்டுத் தூக்குவதே பெரிய மரியாதை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வண்டியின் கோடியில் மாற்றுத்திறனாளி பெட்டி இருக்கிறதே என்பார்கள். அதில் உடன் ஒருவர்தான் வரலாம். பிள்ளைகளை வேறு பெட்டியில் விட்டுவிட்டுப் போவது எப்படிக் குடும்பப் பயணமாகும்?

வந்தே பாரத் வேறு ரகம். 2023 செப்டம்பரில் தொடங்கிய எழும்பூர்–திருநெல்வேலி வண்டி, மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. இரு முனைப் பெட்டிகளிலும் நாற்காலி நிறுத்த இடமும் நாற்காலியோடு நுழையும் கழிப்பறையும் இருக்கின்றன. ஓடும் வண்டியில் நானே கதவைச் சாத்திக்கொண்ட முதல் கழிப்பறை அது. வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது. ஏறுவதுதான் சிக்கல். மடக்குச் சாய்தளம் வந்தால் தூக்கலே இல்லை. வராவிட்டால் நான்கு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்குவார்கள். அதனால் முந்தின நாளே இரண்டு நிலையங்களிலும் சொல்லிவைக்கிறோம். நால்வருக்கும் முனைப் பெட்டியிலேயே இடம் கிடைக்க வேண்டும், அதற்குச் சீக்கிரமே முன்பதிவு செய்ய வேண்டும்.

கார் 460 கிலோமீட்டர். எங்களுக்கு நிறுத்தங்களோடு பத்து மணி நேரம். தூக்கல்? பூஜ்யம். சறுக்குப் பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே வைத்து நானே நகர்ந்துவிடுவேன். இதற்குக் கார் சீட்டும் நாற்காலியும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த காரில் இறங்குவது மலையேறுவது போல. வாடகைக் கார் என்றால், "சிஎன்ஜி வண்டியா?" என்று முதலில் கேளுங்கள். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால் நாற்காலிக்கு இடமிருக்காது. கேரியர் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

காரின் குறை சாலையோரக் கழிப்பறைகள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறுநீரை வெளியேற்ற நான் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் போட வேண்டும். விழுப்புரம் தாண்டி ஓர் உணவகத்தில், நாற்காலிப் படம் வரைந்த கதவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அளவு நாடாவை விரித்தால் 58 சென்டிமீட்டர். என் நாற்காலி 64. உள்ளே துடைப்பமும் வாளிகளும். அன்றைக்குக் காரின் பின்சீட்டிலேயே முடித்துக்கொண்டேன். மகள் ஜன்னலுக்கு வெளியே துண்டை விரித்துப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அந்த ஆறு சென்டிமீட்டரை இடித்து அகலப்படுத்தத்தான் இன்னும் ஆள் வரவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளோடு போக எனக்குக் கார்தான். வெயிலில் உட்கார வேண்டாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நானும் அவரும் மட்டும் என்றால் வந்தே பாரத். கார் ஓட்ட ஆளில்லாத குடும்பத்துக்கும் அதையே சொல்வேன். கையில் பணம் குறைவு, தூக்க வலுவான ஆட்கள் உண்டு என்றால் இரவு வண்டி.

பொங்கலுக்குக் காரில் கிளம்புகிறோம். பின்ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்துக் கொக்கி மாட்டியாயிற்று. இந்த முறை மகள் வெளியே நிற்க வேண்டியதில்லை.