பனியில் மிருகம் செய்யும் நிறப்பெட்டி: வாங்கலாமா?

கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு கடையில் போன மாதம் இதை வாங்கினேன், வரியோடு முப்பது டொலருக்குக் கிட்ட. நாலு ஸ்பிரே போத்தல், சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு நிறப்பொடி, அப்புறம் இங்குள்ள காட்டு விலங்குகள், பறவைகள் பற்றிய அட்டைகள். பொடியைத் தண்ணீரில் கலக்கி, பனியில் செய்த உருவத்தின் மேல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாளே சொதப்பல். வெளியே மைனஸ் 12, பனி மா மாதிரி உதிர்கிறது, உருண்டை பிடிக்கவே முடியவில்லை, இரண்டு தரம் அடிப்பதற்குள் போத்தல் வாயும் உறைந்துவிட்டது. பூச்சியத்தை ஒட்டி வெப்பநிலை வரும்போதுதான் பனி ஒட்டும் என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினேன், சரியாக வந்தது.

நிறத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆண் கார்டினல் பறவை செய்து சிவப்பு அடித்தோம். "அப்பா, சொண்டைச் சுற்றிக் கறுப்பு வேணும்" என்றாள் மகள். கொல்லையில் தீனி போடும் இடத்துக்குத் தினமும் வருகிற பறவைதான், நான் இத்தனை வருடமாக அதைக் கவனித்ததே இல்லை. பெண் பறவைக்கு மண்ணிறம் வேண்டும், பெட்டியில் அது கிடையாது. ஆறிப்போன பிளேன்ரீயைப் போத்தலில் ஊற்றி அடித்தோம், அச்சு அசல் அதே நிறம்!

அட்டைகள் பாதி நல்லது, பாதி சும்மா. நீல ஜே பறவையின் இறகில் நீலச் சாயமே இல்லை, ஒளி சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது என்பதை அழகாக விளக்கியிருக்கிறார்கள். ஆனால் ஸ்னோஷூ முயலைப் பனிக்கு நடுவில் பழுப்பாக வரைந்து வைத்திருக்கிறார்களே, அதை என்ன சொல்ல? பகல் குறையக் குறைய அதன் ரோமம் வெள்ளையாகிவிடும், காது நுனி மட்டும் கறுப்பாக நிற்கும். ஆகவே எங்கள் முயலுக்கு நிறமே அடிக்கவில்லை, காதில் இரண்டு கறுப்புப் பொட்டு மட்டும். "அப்ப இதுக்கு எதுக்கு பெயின்ட் வாங்கினீங்க?" என்று கேட்டாள், நியாயம்தான்.

பக்கத்தில் பிளாண்டிங்ஸ் ஆமை, கழுத்தடியில் நல்ல மஞ்சள், ஓடு கறுப்பு. கறுப்பு வெயிலை இழுக்கும் என்பதால் மத்தியானத்துக்குள் ஓடு அமுங்கிவிட்டது, கழுத்து அப்படியே நின்றது. கறுப்பைக் கடைசியில், மெல்லியதாக அடியுங்கள். கையுறையில் பட்ட சிவப்பு இரண்டு தரம் தோய்த்தும் போகவில்லை.

திரும்ப வாங்க மாட்டேன். சமையலுக்குப் போடும் நிறச்சாயமும் வெறும் ஸ்பிரே போத்தலும் இருந்தால் இதே வேலை முடியும், படத்துக்கு நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகம் எடுத்தால் போதும்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். ஆமையைச் சுற்றிப் போனவன் முயலை நேரே மிதித்துவிட்டு, "கண்ணில படேல்ல அங்கிள்" என்கிறான். மகள் இன்னும் அவனோடு கதைக்கவில்லை.