கன்னம் பட்டால் கட்டாகும் போன்: இரண்டு வருடம் பாவித்த பிறகு

சாவகச்சேரி மச்சாள் போன கிழமை ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். போனைக் காதில் வைத்தேன். பாதியில் நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன், இந்த முறை ஸ்பீக்கரில் கத்தத் தொடங்கி மறுபடி நின்றது. மூன்றாம் தரம் மேசையில் வைத்துத்தான் முழுதும் கேட்க முடிந்தது. "மச்சாள், உங்கட போன் இப்ப விலை இறங்கியிருக்காம், அம்மாவுக்கு ஒண்டு வாங்கட்டோ?" கேள்விக்குப் பதில் அந்த மூன்று தரத்திலேயே இருக்கிறது. என்றாலும் இரண்டு வருடம் கையில் வைத்திருந்த பொருளைப் பற்றி ஒரே வரியில் சொல்வது நியாயமில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

2024 சித்திரை வருஷப்பிறப்புக்குக் கொஞ்சம் முன்னர் வாங்கினேன், 38,900 ரூபா. அந்த ஜனவரியில்தான் இலங்கையில் வற் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்கில் இருந்த போன்களுக்கும் வந்திருந்தது. முதல் பார்த்து வைத்த போன் கைக்கு எட்டாமல் போக, அதற்கு ஒரு படி கீழே இதை எடுத்தேன். இப்போது 31,500 என்கிறார்கள். 4 ஜிபி, 128 ஜிபி என்ற விபரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும், அதை விடுங்கள்.

பற்றரியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 5000 எம்ஏஎச். காலையில் கழற்றினால் இரவு படுக்கும்போதும் மூன்றில் ஒன்று மிஞ்சும், இரண்டு வருடம் கழித்தும் அப்படித்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இதில் இருக்கும் எப்எம் ரேடியோ. இயர்போன் வயரைக் குத்தினால் அந்த வயரே அன்ரெனாவாகிவிடும், டேட்டா தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த இரவு பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் விறாந்தையில் வந்திருந்தார்கள். வயரைக் குத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விடியும்வரை செய்தி கேட்டோம். விலை கூடிய போன் வைத்திருந்தவர்களின் கையில் அன்று டோர்ச் மட்டும்தான் இருந்தது. இதற்காகவே இந்தப் போனை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் இது போன். காதில் வைத்துக் கதைப்பதற்கு என்று வாங்கிய சாமான். அந்த ஒரு வேலையைத்தான் இது ஒழுங்காகச் செய்யவில்லை.

காதில் வைத்தால் திரை கறுப்பாக வேண்டும், எடுத்தால் திரும்ப வெளிக்க வேண்டும். எல்லாப் போனிலும் நடப்பதுதானே என்று கடையில் நான் பார்க்கவே இல்லை. இதில் சாதாரண கோலில் பத்துக்கு ஏழு தரம் சரியாக நடக்கும், வட்ஸ்அப் கோலில் அதுவும் இல்லை. திரை வெளிச்சமாகவே கிடக்கும், கன்னம் பட்டு மியூட் ஆகும், வீடியோ திறக்கும், சிவப்புப் பட்டனில் பட்டால் கோல் கட்டாகும். திரையில் ஒட்டிய ரெம்பர்ட் கிளாஸ், கன்னம் கிட்ட வருவதை அறியும் சென்சரை மறைக்கிறது என்று நினைத்து இரண்டு தரம் மாற்றினேன். கண்ணாடியே இல்லாமலும் ஒரு மாதம் வைத்திருந்தேன். அப்டேற் வந்த நேரமெல்லாம் இனிச் சரிவரும் என்று பார்த்திருந்தேன்.

2025 நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேறிய கிழமை, ஒரு ஞாயிறு பின்னேரம், லண்டனில் இருக்கும் மாமா எடுத்தார். அம்மாவின் தம்பி. அம்மம்மாவின் காணி பற்றிய கதை, ஏற்கனவே இரண்டு பேருக்கும் மனம் நொந்திருந்த விஷயம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துத்தான் கதைப்பார். "உனக்கு விருப்பமெண்டால் வித்துப்போட்டுப் போ" என்று சொன்னார், அடுத்த நொடி லைன் இல்லை. அம்மா போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி கோவத்தில வைச்சிட்டான்" என்றார். நான் திரும்ப எடுக்கிறேன் என்றேன், விடவில்லை. அங்கே மாமாவும் அக்காதான் கோபத்தில் வைத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மூன்று கிழமையளவாக இரண்டு பேரும் கதைக்கவில்லை. தேர்த்திருவிழாவன்று காலை, லண்டனில் விடியாத நேரம், நித்திரை முழித்து நேரலையில் தேர் பார்த்துவிட்டு மாமாதான் எடுத்தார். "அக்கா, தேருக்குப் போகேல்லையோ?" அம்மா அழுதுகொண்டு, "நீதானே அண்டைக்கு வைச்சனீ" என்றார். "நான் வைக்கேல்லை, நீங்கள்தானே வைச்சனீங்கள்!" அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. அன்று கோலைக் கட் பண்ணியது அம்மாவின் கன்னம்.

அப்போதும் இது பழுது என்றுதான் நினைத்தேன். சரியான பதில் இந்த மாசியில் கிடைத்தது. எங்கள் ஊர் செம்மண், சோழகக் காற்றுக் காலத்தில் மூடி வைத்த தண்ணீரிலும் மண் கிடக்கும். அந்தப் புழுதி சார்ஜ் குத்தும் இடத்துக்குள் இறுகி, வயர் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். தம்பி ஒருவர் ஊசியால் நெம்ப, சிவப்பாகத் திரண்ட பஞ்சு போல ஒன்று வெளியே வந்தது. பின்னுகள் அரித்திருந்ததால் அந்தச் சின்னப் பலகையையும் மாற்றினார், 2,500 ரூபா. மூடுவதற்கு முன், காதுப் பக்கத்து சென்சரையும் ஒருக்கால் பாருங்கோ என்றேன். இடுக்கியால் மேல் விளிம்பைக் காட்டினார். "அக்கா, இதில அந்தச் சாமானே இல்லை."

நல்ல போன்களில் காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். கன்னத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை இன்னொரு கண் பார்த்துத் திரையை அணைக்கும். விலை குறைந்த பல போன்களில் செலவைக் குறைக்க இதை எடுத்துவிட்டு, திரையின் தொடுகையையும் கை தூக்கும் அசைவையும் வைத்து மென்பொருளே ஊகிக்கிறது. சிலவற்றில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை மைக்கால் பார்க்கிறார்கள். வேர்த்த கன்னம், தலைமயிர், சாய்ந்து படுத்துக் கதைப்பது, எதிலும் அந்த ஊகம் பிழைக்கலாம். பெட்டியில் சென்சர் இருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. அது ஊகம் என்று எங்கேயும் எழுதவில்லை. இதில்தான் எனக்குக் கோபம்.

இப்போது வைத்திருப்பவர்கள் கோல் எடுத்தவுடன் பக்கத்துப் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுக் கதையுங்கள். அதற்கு முதல் செட்டிங்கில் பவர் பட்டன் கோலை முடிக்கும் என்ற வசதி நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதுவே கட் பண்ணிவிடும். நான் இப்படித்தான் சமாளிக்கிறேன். அம்மாவுக்குப் பழக்க முடியவில்லை.

ஆகவே மச்சாள், வாங்காதே. பற்றரி நல்லது, ரேடியோ நல்லது, 31,500க்கு இதைவிட உறுதியான போன் கிடைப்பதும் கஷ்டம், எல்லாம் உண்மை. 25,000க்கு வந்தாலும் மாமிக்கு வாங்காதே. கனடாவில் இருந்து மகன் எடுக்கும்போது மாமியும் அம்மாவைப் போலத்தான், கன்னத்தோடு அழுத்திப் பிடிப்பார்.

வேறு எதைப் பார்த்தாலும் கடையில் வைத்தே நட்சத்திரம் ஹாஷ் 06 ஹாஷ் அடி, போனின் அடையாள இலக்கமான ஐஎம்இஐ வரும். IMEI என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பார். பிறகு உன் சிம்மைப் போட்டு, கடைக்காரரின் வைபையில் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு கோல் எடு. எடுத்துக் காதில் வை, எடு, வை, பத்துத் தரம். ஒவ்வொரு தரமும் திரை கறுப்பானால் மட்டும் காசை எண்ணு.