பெட்டியில் எழுதிய ஆம்பியர்

ஆசிலாஸ்கோப்புக்கு (மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி) கரண்ட் ப்ரோப், அதாவது வயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப், தேடினால் முதலில் கண்ணில் படுவது ஆம்பியர்தான். 65, 100 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் முதல் கிளாம்பை வாங்கினேன். என் மேசையில் 5 ஆம்பியருக்கு மேல் எதுவும் ஓடியதில்லை, ஒரு மோட்டார் சிக்கிக்கொண்ட நாளைத் தவிர.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் கிளாம்ப் அது. எல்எம்2596 என்ற ஐசியை வைத்து, வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர் கட்டியிருந்தேன்: 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 33 மைக்ரோஹென்றி இண்டக்டர் (கம்பிச் சுருள்). இண்டக்டர் கரண்ட் முக்கோண அலையாக ஏறி இறங்க வேண்டும். திரையில் வந்ததோ இரைச்சலுக்குள் முங்கிப்போன ஒரு சின்ன நெளிவு. ரிப்பிளே, அதாவது கரண்டில் ஏற்ற இறக்கமே, இல்லாமல் கட்டிவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள்தான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. அந்த ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. இந்த மதிப்புகளுக்கு ரிப்பிள் உச்சியிலிருந்து அடிவரை 0.6 ஆம்பியர் அளவில் இருந்தாக வேண்டும். இண்டக்டருக்கும் அவுட்புட் கெபாசிட்டருக்கும் நடுவே 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி அதன் இரு முனையிலும் ஸ்கோப்பை வைத்தேன். 60 மில்லிவோல்ட் உயரத்தில் முக்கோணம் பளிச்சென்று நின்றது. பிறகு கிளாம்பின் கையேட்டைப் புரட்டினால், பொடி எழுத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்; அதைவிட வேகமான மாற்றத்தை அது சரியாகக் காட்டாது. 0.35ஐ பேண்ட்விட்தால் வகுத்தால் ரைஸ் டைம், அதாவது திடீர்த் தாவலைப் பின்தொடர்ந்து ஏற அது எடுக்கும் நேரம், கிடைக்கும். இதற்கு 17.5 மைக்ரோசெகண்ட். என் கன்வர்ட்டரின் ஒரு முழுச் சுற்றே 6.7 மைக்ரோசெகண்ட்தான்! கிளாம்ப் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொன்னது.

அந்த ரெசிஸ்டரை நினைத்த இடத்தில் வைக்க முடிந்ததற்குக் காரணம், போர்டு பேட்டரியில் ஓடியது. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் நேராக மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. போர்டில் கம்ப்யூட்டரிலிருந்து வரும் யூஎஸ்பி கேபிள் செருகியிருந்தால் அதன் கிரவுண்டும் பெரும்பாலும் அதே எர்த்துதான். அந்த நிலையில் 5 வோல்ட் லைனில் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு பட்டாசுச் சத்தத்தில் கற்றவன் நான். ப்ரோப் ஒன்றுக்குக் காசு செலவழிக்க நியாயமான காரணம் இதுதான்: கிளாம்ப் எதையும் தொடுவதில்லை.

அடுத்து வாங்கியது மிக்சிக் சிபி2100பி என்ற கிளாம்ப். பேண்ட்விட்த் 2.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது ரைஸ் டைம் 140 நானோசெகண்ட். யூஎஸ்பியில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 10 ஆம்பியர் ரேஞ்சில் ஒரு ஆம்பியருக்கு 0.1 வோல்ட் தரும். ஸ்கோப் சேனலில் ப்ரோப் பெருக்கத்தை 1எக்ஸ் என்று போட மறக்கக் கூடாது. இதில் முக்கோணம் முக்கோணமாகவே தெரிகிறது. லோடை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நேராக ஏறிக்கொண்டிருந்த கோடு உச்சியில் முள் மாதிரி மேல்நோக்கி வளைகிறது. இண்டக்டரின் கோர் (சுருளுக்குள் இருக்கும் காந்தப் பொருள்) சாச்சுரேட் ஆகிறது, இனி காந்தத்தை ஏற்காது என்று அர்த்தம். எந்த இண்டக்டரைத் தூக்கிப் போடுவது என்று அந்த வளைவே சொல்லிவிடும்.

ஒரு தொல்லை உண்டு. கிளாம்பின் வாய்க்குள் நுழைய ஒரு வயர் வேண்டும், போர்டில் இருப்பதோ ஒட்டிய செம்புக் கோடான டிராக். இண்டக்டரின் ஒரு காலைத் தூக்கி, சின்னதாக ஒரு வயர் வளையம் சால்டர் பண்ண வேண்டும். அதை அவுட்புட் பக்கக் காலில் பண்ணுங்கள். ஸ்விட்ச் ஆகும் பக்கத்தில் வோல்டேஜ் குதிக்கிற குதிப்பு கெபாசிட்டிவாகப் ப்ரோப்புக்குள் கசிந்து, இல்லாத கரண்டை எல்லாம் காட்டும்.

கரண்ட் சிறிதாக இருந்தால் அதே வயரை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றலாம், சிக்னல் பத்து மடங்காகும். இண்டக்டன்ஸும் கூடும் என்பதால் வேகமான இடங்களில் இந்த வேலை வேண்டாம். கரண்டே ஓடாதபோது காட்டும் ஜீரோ நகர்வது ஹால் ப்ரோப் எல்லாவற்றுக்கும் பொது. வெறும் கிளாம்பைக் கையில் பிடித்துத் திருப்பினாலே பூமியின் காந்தம் கோட்டை அசைத்துவிடும். அளக்கப்போகும் இடத்திலேயே, அதே கோணத்தில் வைத்து ஜீரோ பண்ணுவேன்.

எந்தக் கிளாம்பும் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்து தூங்கும்போது இழுப்பது 10 மைக்ரோஆம்பியர் வாக்கில், வைஃபை அனுப்பும்போது சில நூறு மில்லிஆம்பியர். தூக்கத்தைப் பார்க்க 100 ஓம் ஷன்ட் (கரண்டை அளக்க அதன் வழியில் வைக்கும் ரெசிஸ்டர்) போட்டால் ஒரு மில்லிவோல்ட் கிடைக்கும். ஆனால் வைஃபை எழுந்த கணமே ஷன்ட் மொத்த வோல்டேஜையும் விழுங்கிவிட, போர்டு ரீசெட் ஆகும். 1 ஓம் போட்டால் போர்டு பிழைக்கும், தூக்கம் 10 மைக்ரோவோல்ட்டாகி இரைச்சலில் காணாமல் போகும். பேட்டரி ப்ராஜெக்ட்தான் உங்கள் பிழைப்பு என்றால் கிளாம்ப் வாங்காதீர்கள். வைஃபை துடிப்புக்கு 1 ஓம், தூக்கத்துக்குத் தனியாக ஒரு மைக்ரோஆம்பியர் மீட்டர்.

டிசி வேண்டாம், வேகமான துடிப்புகள் மட்டும் போதும் என்றால் ஒரு ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் 50 சுற்று சுற்றி, முனைகளில் 50 ஓம் போட்டு, அளக்கும் வயரை வளையத்தின் நடுவே விடுங்கள். ஒரு ஆம்பியருக்கு ஒரு வோல்ட். டிசி அதிகமாக ஓடும் வயரில் மட்டும் மாட்டாதீர்கள், கோர் திணறிவிடும்.

டெக்ட்ரானிக்ஸின் டிசிபி0030ஏ மாதிரி 120 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் செகண்ட் ஹேண்டில் கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். அதன் கனெக்டர் அவர்களுடைய ஸ்கோப்புக்கென்றே செய்தது, நம் ஸ்கோப்பின் சாதாரண பிஎன்சி சாக்கெட்டில் ஏறாது.

முதல் கிளாம்பை விற்கவில்லை. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், பேட்டரி சார்ஜ் ஆகும் விதம் எல்லாம் அதில்தான் பார்க்கிறேன். அணைக்க மறந்து இதுவரை நான்கு 9 வோல்ட் பேட்டரி போயாயிற்று.