சபைக் கணக்குக்கு குனுகேஷ்: பேங்க்கில் இருப்பதில் செலவு செய்யக்கூடியது எவ்வளவு?

காணிக்கை குறைய ஆரம்பித்ததும் கமிட்டியில் எல்லாரும் கேட்பது, "பேங்க்கில் எவ்வளவு இருக்கு?" கேள்வியே தப்பு. கட்டட நிதிக்கென்று ஒருவர் கொடுத்தது, மிஷனரி ஊழியத்துக்கென்று கவரில் எழுதிப் போட்டது, பொதுக் காணிக்கை எல்லாம் ஒரே கணக்கில் கிடக்கும்போது, மொத்தத்தைப் பார்த்து "இன்னும் நாலு மாசம் தாங்கும்" என்று நிம்மதியாகி, கட்டடப் பணத்தில் கரண்ட் பில் கட்டிவிடுகிறோம். யாரும் திருடவில்லை, ஆனால் கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு அந்தப் பணம் போகவில்லை. ஒரு பொருளாளர் இதை நடக்க விடவே கூடாது.

இதற்காகத்தான் குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு எழுதும் மென்பொருளைச் சொல்கிறேன். இலவசம், திறந்த மூலம் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்), 1998-லிருந்து இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வரவு சுருங்கும் நேரத்தில் சந்தா கட்டத் தேவையில்லை என்பதே பெரிய விஷயம். சபைகளுக்கென்று செய்ததல்ல, ஒவ்வொரு நிதியையும் தனித்தனியாகப் பார்க்கும் நிதிவாரிக் கணக்குக்குத் தனி வசதியும் கிடையாது. ஆனால் வங்கிக் கணக்குக்குக் கீழே பொது, கட்டடம், மிஷனரி, ஏழைகள் உதவி என்று துணைக் கணக்குகள் திறந்து, ஞாயிறு காணிக்கையை ஒரே பதிவில் பிரித்து எழுதினால் போதும்: மேலே உள்ள மொத்தம் ஸ்டேட்மென்ட்டோடு பொருந்தும், கீழே ஒவ்வொரு நிதியின் மிச்சமும் தனியாகத் தெரியும். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டோடு சரிபார்க்கும்போது துணைக் கணக்குகளையும் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதுவும் ஒத்துவராது.

இப்படி வைத்தால், மொத்தம் தாராளமாக இருந்தாலும் 'பொது' என்ற வரி மட்டும் மைனஸில் சிவப்பாக நிற்பது கண்ணில் படும். அந்தச் சிவப்பு எண் எவ்வளவோ, அவ்வளவை மற்ற நிதிகளிலிருந்து எடுத்துச் செலவு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். கமிட்டியில் நீளமாக விளக்கவே வேண்டாம், திரையைக் காட்டினால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. போதகர் சம்பளம், வாடகை, கடன் தவணை, இன்சூரன்ஸ் போன்றவற்றை வரப்போகும் தேதிகளிலேயே பதிந்து வைக்கலாம். கணக்கைத் திறந்தால் இன்றைய இருப்போடு, இனி வரும் நாட்களில் இருப்பு எந்த அளவுக்குக் கீழே இறங்கும் என்பதையும் அதே வரியில் காட்டும். வரவைப் பதியும்போது மட்டும் கை இறுக்கமாக இருக்க வேண்டும், நிச்சயம் வரும் என்று தெரிந்ததை மட்டும் போடுங்கள். பட்ஜெட் பகுதியில் பழைய பதிவுகளை வைத்து அதுவே மதிப்பிட்டுத் தரும், அது நல்ல வருடத்தின் எண்ணாக இருந்தால் இந்த வருடத்துக்கு உதவாது. ஒன்றுக்கு மேல் பட்ஜெட் வைக்கலாம் என்பதால், காணிக்கை கால்வாசி குறைந்தால் எதை நிறுத்துவது, எதைத் தள்ளிப்போடுவது என்று இன்னொன்றைப் போட்டு, நெருக்கடி வரும் முன்னாடியே பேசி முடிவெடுத்துவிடுங்கள். ஏழைகள் உதவியை நிறுத்தும் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது அதிகம் தேவைப்படுவதே இப்போதுதான்.

சரி, குறைகள். தோற்றம் பழசு. ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறை தெரியாதவருக்கு ஆரம்பத்தில் தலை சுற்றும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்ய முடியாது. கொடுத்தவர்களின் பட்டியல், வருடாந்திர ரசீது எல்லாம் வேறெங்காவதுதான் வைக்க வேண்டும். கோப்புக்குப் பாஸ்வேர்டு போட முடியாது, அதனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பெயர் விவரத்தை இதில் ஏற்றவே வேண்டாம்.

பதிவுகளைப் பிற்பாடு திருத்தவும் முடியும், தணிக்கை செய்பவருக்கு இது இடறும். குறிப்பிட்ட நாட்களுக்கு முந்தைய பதிவுகளைத் தொட முடியாதபடி பூட்டும் அமைப்பு இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். தப்பான பதிவை அழிக்காமல், காரணம் எழுதி ரத்து செய்யும் வசதியும் உண்டு. அப்புறம் காணிக்கை எண்ணும் மேஜையில் இரண்டு பேராவது வேண்டும், அவர்கள் ஒரே வீட்டார் ஆகவும் கூடாது. 2 கொரிந்தியர் 8-ல் பவுல் தர்மப்பணத்தை தீத்துவிடம் மட்டும் கொடுத்தனுப்பவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடவே அனுப்புகிறார். இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது.

சின்ன, நடுத்தர சபைகளுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பல கிளைகள், நிறையச் சம்பள ஊழியர்கள் என்றிருந்தால் சபைகளுக்கென்றே செய்த மென்பொருளைப் பாருங்கள், பணம் கொடுத்தாலும் பரவாயில்லை.